குடைப் படம் போட்ட நாற்காலி

ஜீயபுரம்
4.8.2025

சித்ராம்மாவுக்கு,

கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் ஆற்றில் சாய்ந்ததே, முக்கொம்பில் மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதே, அந்த வருஷம்தான் நான் முதன்முதலாக உங்கள் வீட்டு வாசலில் பழைய சாமான் வண்டியை நிறுத்தினேன். ஸ்ரீரங்கமே பாலத்தை வேடிக்கை பார்க்கப் போயிருந்தது. நீங்கள் போகவில்லை. உங்கள் அம்மா தவறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. காலி மருந்து பாட்டில், பழைய கல்யாணப் பத்திரிகை, பிடி போன வாணலி, எதையும் அந்தம்மா எறிந்தவர் இல்லை.

"எல்லாத்தையும் ஏத்துங்க" என்றீர்கள். நான் ஏற்றவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இதைத் தேடி வர ஆள் இருக்காம்மா?" என்று கேட்டேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காலத்துப் பழக்கம் அது. தேடி வர ஆள் உள்ள மூட்டையைத் தொடக் கூடாது. நீங்களும் சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் யாருடையது, அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொன்னீர்கள். அழுதுகொண்டே ஆரம்பித்து, வாணலி வருவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டீர்கள். இன்று திருச்சியில் "வீடு ஒதுக்கித் தர்ற அம்மா" என்றால் ஆட்டோக்காரரே வழி சொல்கிறார்.

அன்றிலிருந்து கூடவே இருந்த என்னை ஒரு நாற்காலிக்காக வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்கள். "சாவியை வச்சுட்டுப் போங்க" என்றீர்கள். வைத்துவிட்டு வந்தேன். அந்த நாற்காலியை நான் திருடவில்லை. இவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்கு மேல் கேட்டால் அன்றைக்குச் சொன்னதைத்தான் சொல்வேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள். காகிதத்தில் அது நடக்காது. படிக்காத காகிதத்தை எறியக் கூடாது என்பது நீங்களே போட்ட சட்டம். ஆகவே இதைக் கடைசி வரி வரை படித்துத்தான் தீர வேண்டும்.

தாயுமானவன்

(எழுதியது ஜெகதாம்பாள். இவர் நேற்று ஆடிப்பெருக்குக்குச் செய்த சித்ரான்னங்களைக் கோபத்தோடேதான் சாப்பிட்டார். ஆனால் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.)

*

ஸ்ரீரங்கம்
9.8.2025

அய்யாவுக்கு,

கடைசி வரி வரை படித்துவிட்டேன். சித்ரான்ன வரியையும் சேர்த்து.

கோபம் உங்களுக்கு மட்டுமா? நம் தொழிலில் ஜனங்கள் முன்பின் தெரியாத நம்மிடம் பீரோவைத் திறந்து காட்டுகிறார்கள். உள்பாவாடை அடுக்கைக்கூட நம் ரோசரி மடித்துத் தருகிறாள். அதனால்தான் முதல் நாளே சொன்னேன், ஒதுக்கப் போகும் வீட்டிலிருந்து ஒரு ஊசிகூட நம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று. ரோசரிக்கு ஒரு வீட்டில் புடவை கொடுத்தார்கள். அவள் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். உங்களுக்கு நினைவிருக்கும், உங்களுக்கு எதுதான் மறக்கும்.

அப்படியிருக்க, ஆனி மாதம் ஒரு நாள் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன், கூடத்தில் துவாக்குடி முரளிதரன் சார் வீட்டு நாற்காலி. தை மாதம் அவர் வீட்டை ஒதுக்கியபோது, வைத்துக்கொள்ள வேண்டிய சாமான்கள் பக்கம் நானே தள்ளி வைத்த நாற்காலி. இரண்டாவது சாவி உங்களிடம்தான் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வந்துச்சு, இருக்கட்டும்" என்றீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டும் அதேதான். ஊர்க் கதையெல்லாம் வருஷம், கிழமையோடு சொல்கிற மனிதருக்கு அதற்கு மட்டும் பதில் இல்லை. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாளே மீரானின் லோடு ஆட்டோவில் அதைத் திருப்பி அனுப்பினேன். "எங்கள் ஆள் தவறுதலாக எடுத்து வந்துவிட்டார், மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது" என்று சீட்டும் எழுதி வைத்தேன். அதோடு முரளிதரன் சாரின் போனும் நின்றுவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். "ஸ்குரூடிரைவர் எங்க வச்சீங்க மேடம்?" என்பார். இடதுபக்க அலமாரி, இரண்டாவது தட்டு, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது என்பேன். அடுத்த வாரம் தீப்பெட்டியைக் காணோம் என்பார். அதற்கடுத்த வாரம் மறுபடி ஸ்குரூடிரைவர். இப்போது எதுவும் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விட்டதே என்பதுதான் வருத்தம்.

இங்கே மலைக்கோட்டைச் சந்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீடு நடக்கிறது. நடக்கிறது என்று பேர். நீங்கள் இல்லாததால் ரோசரிதான் "தேடி வர ஆள் இருக்கா?" என்று கேட்கிறாள். "அதான் நான் இருக்கேனே" என்கிறார் அவர், ஓட்டைக் குடத்துக்கும். ஒரு சாமான் வெளியே போகவில்லை. நீங்கள் கேட்டால் மட்டும் எப்படி உண்மையைச் சொல்கிறார்கள்? மீரான், பெரியவர் ஏறாமல் வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது என்று தினமும் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். நாற்காலியை உங்கள் கையில் கொடுத்தது யார்?

சித்ராதேவி

*

ஜீயபுரம்
16.8.2025

சித்ராம்மாவுக்கு,

நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டீர்களா? சீட்டு வேறு எழுதினீர்களா? "இனி இப்படி நடக்காது" என்றா? அந்த வரியை ஜெகதாம்பாளை மறுபடியும் படிக்கச் சொன்னேன். மறுபடியும் அப்படியேதான் இருந்தது.

அது சாதாரண நாற்காலி இல்லை. தை மாதம் நீங்கள் உள்ளே புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது சார் எனக்குச் சொன்னார். அவர் அப்பா கோதண்டபாணி பாய்லர் ஆலையில் ஃபிட்டர். வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டிப் பலகையை வாங்கி வந்து, அப்துல் அஹத் என்ற தச்சரிடம் கொடுத்துச் செய்ததாம். உட்காரும் பலகைக்கு அடியில் குடைப் படம் இருக்கிறது. மழையில் நனையக் கூடாது என்பதற்காகப் பெட்டியில் போட்ட படம். தச்சர் பலகையைத் திருப்பி அடித்ததால் குடை தலைகீழாக நிற்கும். எனக்கு எழுத்து வராது, குடை தெரியும்.

கோதண்டபாணி உயிரோடு இருந்தவரை அவர் மட்டும் அதில் உட்கார்ந்தார். பிறகு அவர் சம்சாரம் செங்கமலம். பிறகு முரளிதரன் சாரின் வீட்டம்மா பானு, உடம்புக்கு முடியாமல், கடைசி நாள் வரை ஜன்னலோரம் அதில் இருந்துதான் தெருவைப் பார்த்தார். சார் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. சின்ன வயதில் அப்பா நாற்காலி என்ற மரியாதை, பிறகு அதுவே பழக்கம். நின்றபடியே காபி குடிக்கிற மனிதர்.

போன வாரம் ஸ்கூட்டரில் இங்கே வந்தார். வாசலில் நின்றார். உட்காரச் சொன்னோம், நின்றார். துவாக்குடி வீட்டை விற்கப் போகிறாராம். மாதக் கடைசியில் ஓசூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுகிறாராம். மிச்சச் சாமானை ஒதுக்க என்னை வரச் சொன்னார். மேடத்துக்குத் தெரிய வேண்டாம் என்றார், இதற்கு நான் சரி என்று சொல்லவில்லை. அந்த நாற்காலி என்னாச்சு என்று கேட்டேன்.

"குடுத்துட்டேங்க. அதான் பதில் வந்துடுச்சே" என்றார்.

என்ன பதில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நாற்காலி உங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைக் கேட்டதும் புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிந்திருக்காது. என்னால் சொல்லவும் முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி எழுத ஒன்றுமில்லை. ஜெகதாம்பாள் காகிதத்தை மடித்து ஒட்டிவிடுவாள். நான் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறேன்.

தாயுமானவன்

சித்ரா, இனி எழுதுவது நான். இவர் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாக்குக் கொடுத்தவர் அவர், நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

வைகாசியில் முரளிதரன் சார் உன் வீட்டுக்கு ஒரு தடவை வந்தாராமே. உன் வீட்டில் ஒரே நாற்காலி. அதில் அவரை உட்கார வைத்துவிட்டு நீ நின்றாயாம். ஒரே டம்ளர். அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, நான் அப்பவே குடிச்சாச்சு என்றாயாம். அந்தப் பொய் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் இவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "அவங்க உட்கார ஒண்ணு வேணும். எங்க வீட்டு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுங்க. யார் குடுத்ததுன்னு சொல்லாதீங்க, பார்த்தா அவங்களுக்கே தெரியும். அதை இருக்கவிட்டா நான் வரலாம்னு அர்த்தம். திரும்பி வந்துட்டா வரக் கூடாதுன்னு அர்த்தம்."

இவர் சொல்லவில்லை. நீ திருப்பி அனுப்பிவிட்டாய், இனி இப்படி நடக்காது என்று சீட்டோடு. இரண்டு ஆம்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நாற்காலியைப் பேசவிட்டால் வேறு என்ன ஆகும்?

வேண்டாம் என்றால் விட்டுவிடு. வேண்டும் என்றால் மாதக் கடைசி வரைதான் நேரம்.

ஜெகதாம்பாள்

*

ஸ்ரீரங்கம்
20.8.2025

அய்யாவுக்கு,

உங்கள் சாவியை இதோடு ஒரு துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். காரணம் கேட்காதீர்கள். முரளிதரன் சார் வீட்டு நாற்காலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தர உங்களால்தான் முடியும். கல்லூரிப் பக்கம் ஏதோ ஒரு மெஸ்ஸுக்குப் போயிருக்கிறதாம். எந்த மெஸ் என்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. மீரானை வண்டியோடு அனுப்புகிறேன். இன்னொரு தாள் அம்மாவுக்கு. வத்தக்குழம்புப் பக்குவம்.

சித்ராதேவி

ஜெகதாம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டையே சுற்றிப் பார்த்தேன். சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லை. அம்மாவின் வீட்டைக் காலி செய்தேன் அல்லவா, அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். என் வீட்டில் உள்ளே வருவதே இல்லை. வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள் என்பதால் ஒரே நாற்காலி வைத்தேனா, ஒரே நாற்காலி என்பதால் கிளம்பினார்களா என்று இப்போது தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது. இதையெல்லாம் யோசிக்கிற வயதா?

நேற்று துவாக்குடிக்குப் போனேன். கேட்டில் விற்பனைக்கு என்று போர்டு. அவர்தான் கதவைத் திறந்தார். பஸ்ஸில் யோசித்து வைத்த எல்லாம் மறந்துவிட்டது. "ஸ்குரூடிரைவர் இருக்கா சார்?" என்று கேட்டேன். அவர் நேராக இடதுபக்க அலமாரிக்குப் போய், இரண்டாவது தட்டிலிருந்து எடுத்து வந்து கையில் கொடுத்தார். தேடவே இல்லை.

நாற்காலியைப் பற்றிக் கேட்டேன். யாரோ லோடு ஆட்டோக்காரரிடம் மெஸ்ஸுக்கு என்று கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.  திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் ஸ்குரூடிரைவர் உள்ளே இருக்கிறது. வேலைக்குப் போன வீட்டுப் பொருள் என் வீட்டுக்குள் வந்திருக்கிறது, நானே கொண்டு வந்திருக்கிறேன். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

அய்யாவிடம் சொல்ல வேண்டாம். வாக்கு உடைந்ததாக நினைத்து வருத்தப்படுவார்.

சித்ரா

*

ஜீயபுரம்
27.8.2025
பிள்ளையார் சதுர்த்தி

சித்ராம்மாவுக்கு,

நாற்காலி கிடைத்தது. இப்போது உங்கள் கூடத்தில் இருக்கிறது. நீங்கள் மலைக்கோட்டை வீட்டில் இருந்த நேரத்தில் வைத்துவிட்டு வந்தோம், நேற்று ராத்திரி பார்த்திருப்பீர்கள். உங்கள் பழைய நாற்காலி எங்கே என்று தேடியும் இருப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

துவாக்குடியில் எத்தனை மெஸ் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றாக நுழைந்து, சாப்பிடும் பையன்களை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குடை இருக்கிறதா என்று பார்த்தேன். பையன்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள். சாம்பாரை விடாமல் பிடித்தார்கள், நல்ல பிள்ளைகள். ஒரு இடத்தில் எங்களை ஏதோ ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்து ஆம்லெட் கொடுத்தார்கள். மீரான் இரண்டு சாப்பிட்டான்.

கடைசியில் ஷெர்லின் என்ற அம்மா நடத்தும் மெஸ்ஸில், அந்தம்மாவே கல்லாவில் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டும் என்றார். நாற்காலி வேண்டும் என்றேன்.

"இங்க சாப்பாடுதாங்க விக்கிறோம்" என்றார்.

விஷயம் பெரியது, ஒருத்தர் ஊரை விட்டுப் போவதும் இருப்பதும் அதில் இருக்கிறது என்றேன். யார், என்ன என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தம்மாவுக்குக் கதை பிடித்துவிட்டது. ஆனால் கல்லாவை நின்றுகொண்டு பார்க்க முடியாது, நாற்காலிக்கு நாற்காலி கொண்டு வந்தால் விடுகிறேன் என்றார். புது நாற்காலி வாங்கப் போனால் அதற்குள் மனசு மாறிவிடுமோ என்று பயம். கையில் உங்கள் சாவி இருந்தது. மீரானை ஸ்ரீரங்கத்துக்கு விரட்டி, உங்கள் நாற்காலியை ஏற்றி வந்து அந்தம்மாவிடம் கொடுத்துவிட்டு, இதை ஏற்றிக்கொண்டோம். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே. உங்கள் சட்டத்தை நான் மீறவில்லை.

உங்கள் கூடத்தில் அதைப் போட்டுவிட்டு, மறுபடி துவாக்குடிக்கே போய்ச் சார் வீட்டில் நிறுத்தினேன். "நாற்காலி இருக்க வேண்டிய இடத்துல இருக்குங்க" என்றேன்.  அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்று. போன உறையில் இரண்டு தாள் இருந்தது. ஜெகதாம்பாள் எனக்குப் படித்துக் காட்டியது அரைத் தாள் அளவுக்குத்தான் வந்தது. மற்றது வத்தக்குழம்பு என்றாள். உங்களுக்கு வத்தக்குழம்பு வராது என்று எனக்குத் தெரியாதா? போகட்டும். நானும் அன்றைக்கு ஆற்றில் ரொம்ப நேரம்தான் குளித்தேன். விரலெல்லாம் சுருங்கும்வரை வெளியே வரவில்லை. ஒரு மனுஷி நிதானமாக எழுத நேரம் வேண்டாமா?

தாயுமானவன்

(இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. அத்தனையும் தெரிந்துதான் சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஜெகதாம்பாள்)

*

ஸ்ரீரங்கம்
1.9.2025

அய்யாவுக்கு, அம்மாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஓசூருக்குக் கிளம்ப வேண்டிய நாள். காலையில் கதவு தட்டும் சத்தம். முரளிதரன் சார் நிற்கிறார், கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். எங்கே போனாலும் அவர் முகவரி கேட்பது போல நிற்பார், உங்களுக்குத் தெரியும்.

"உங்க வீட்ல ஒண்ணுதான் இருக்குன்னு கொண்டாந்தேன்" என்றார்.

நானும் முதல் நாள்தான் சின்னக் கடைவீதியில் ஒரு டம்ளர் வாங்கி வந்திருந்தேன். ஆக மூன்று டம்ளர். ஒன்று அதிகம், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார். என் வீட்டில் இன்னும் யாரோ வரப்போகிறார்கள் என்று ஒருவர் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளே வந்து நாற்காலியைப் பார்த்தார். மேலே கை வைத்துப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். அய்யா செய்த பண்டமாற்றால் வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். "நீங்க உட்காருங்க, அதுக்குத்தான் அனுப்பினேன்" என்றார். உட்கார்ந்தேன். என் வீட்டில் ஆள் வந்திருக்கும்போது நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் நின்றார். 

"இனிமேயும் நின்னுக்கிட்டேதான் இருக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். காபி ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இடையில் ஓசூருக்குப் போன் போட்டு, வரவில்லை என்றார். மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "சரிப்பா, சாப்பிட்டீங்களான்னு கேட்டான்" என்றார். ஐப்பசியில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம். நீங்கள் இருவரும் சாட்சி. அய்யா கைநாட்டு வைப்பார், அம்மா கையெழுத்துப் போடுவார், அதில் வேறு எதுவும் சேர்த்து எழுதாமல் இருந்தால் சரி.

துவாக்குடி வீடு விற்றதும் இங்கேயே வந்துவிடுகிறார். ஸ்குரூடிரைவர் ஏற்கெனவே வந்துவிட்டது. கூடத்துக்குப் புதிதாக இரண்டு நாற்காலி சொல்லியிருக்கிறேன், அவரும் உட்கார வேண்டுமே. ஆனால் என் கூடம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். மூன்று போட்டால் பீரோக் கதவு திறக்காது. சட்டப்படி பார்த்தால் பெட்டிப் பலகை நாற்காலிதான் வெளியே போக வேண்டும். அவரைக் கேட்டால் உங்கள் இஷ்டம் என்கிறார். ரோசரியைக் கேட்டால் அழுகிறாள். அதனால் நம் வழக்கப்படி நீங்களே கேட்டுச் சொல்லிவிடுங்கள். அதைத் தேடி வர ஆள் இருக்கிறதா?

அப்புறம், அன்றைக்கு உங்களைப் பார்த்து, நாற்காலி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டிருக்கக் கூடாது. வருகிற திங்கட்கிழமை முதல் மறுபடி மலைக்கோட்டை வீடு. ஓட்டைக் குடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. வாங்க.

சித்ராதேவி

*

ஜீயபுரம்
4.9.2025

சித்ராம்மாவுக்கு,

திங்கட்கிழமை வருகிறேன். ஜவுளிக்கடைக்காரரை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் அம்மா முன்னால் வைத்துக் கேட்க வேண்டும்.

நாற்காலியைப் பற்றிக் கேட்டீர்கள். வழக்கப்படி ஒவ்வொருவராகச் சொல்கிறேன், ஜெகதாம்பாள் விடாமல் எழுதுவாள்.

செய்த அப்துல் அஹத் இல்லை. செய்யச் சொன்ன ஃபிட்டர் கோதண்டபாணி இல்லை. அவர் சம்சாரம் செங்கமலம் இல்லை. ஜன்னலோரம் இருந்த பானு அம்மா இல்லை. ஷெர்லின் அம்மா நன்றாக இருக்கிறார், ஆனால் உங்கள் நாற்காலிதான் இதைவிட வசதி என்று மீரானிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், தேடி வரமாட்டார். மெஸ் பையன்கள் தட்டைத்தான் பார்த்தார்கள். நான் தலையில் தூக்கியிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. முரளிதரன் சார் நல்லபடியாக இருக்கிறார், நூறு வயது இருக்க வேண்டும். ஆனால் அவர் அதில் ஒரு நாளும் உட்கார்ந்தவர் இல்லை, கணக்கில் வரமாட்டார்.

ஆக, அதில் உட்கார்ந்தவர்களில், நாளைக்கு அது இல்லையென்றால் எங்கே எங்கே என்று தேடக்கூடியவர் ஒருத்தர்தான் உயிரோடு இருக்கிறார். தேடி வர ஆள் உள்ள பொருளை நான் தொட மாட்டேன், மீரானையும் தொட விடமாட்டேன். வேண்டுமானால் பீரோவை நகர்த்தித் தருகிறேன்.

ஆளின் பெயர் சித்ராதேவி.